கதீட்ரல் பள்ளத்தாக்கில் ஜீப் ஓட்ட: கொங்குநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கேப்பிடல் ரீஃப் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் வடபாகத்தில் 58 மைல் மண்பாதை ஒன்று செம்மணற்கல் கோபுரங்களுக்கு நடுவே வளைந்து போய், கிளம்பிய நெடுஞ்சாலைக்கே வந்து சேர்கிறது. கதீட்ரல் பள்ளத்தாக்குச் சுற்று என்பார்கள். நம் கணக்கில் 93 கிலோமீட்டர். வழியில் கடை, பங்க், குடிதண்ணீர், செல்போன் சிக்னல் எதுவும் கிடையாது. நின்று பார்த்து ஓட்டி முடிக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும்.

பிள்ளைகளைப் பார்க்கக் கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து போகிறவர்களும், லாஸ் வேகஸ் ஆடைக் கண்காட்சிக்குப் போகிற திருப்பூர்க்காரர்களும் மூன்று நாள் ஒதுக்கினால் இதை ஓட்டிவிட்டு வரலாம். தோட்டத்து இட்டேரியில் ஜீப்போ டிராக்டரோ ஓட்டிப் பழகிய கைக்குப் பாதை பெரிய வித்தை இல்லை. சிக்கல் வருவது வேறு இடங்களில்: வாடகை ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில், உரிமத்திலுள்ள இனிஷியலில், முந்தின நாள் பெய்த மழையில். வரிசையாகப் பார்ப்போம்.

1. டிக்கெட் போடும் முன் மாதத்தைப் பாருங்கள்

மே கடைசியிலிருந்து ஜூன் வரை ஒரு பருவம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை இன்னொன்று. இரண்டில் அக்டோபர் மேல். வெயில் தணிந்திருக்கும், பாதை குறுக்கே கடக்கும் ஃப்ரீமான்ட் ஆறும் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஆனால் ஜூனில் இரவு ஒன்பதை ஒட்டி வெளிச்சம் இருக்கும், அக்டோபரில் ஏழு மணியை ஒட்டி இருட்டிவிடும். அதற்குத் தக்கபடி கிளம்பும் நேரத்தை வையுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் முதல் பாதி வரை அங்கேயும் பருவமழை. காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும்; மதியம் இடி இடிக்கும்; வறண்ட ஓடையில் வெள்ளம் வரும். குளிர்காலத்தில் மேட்டுப் பகுதியில் பனி கிடக்கும். அது உருகும் மார்ச், ஏப்ரலில் பாதை சேறாகி, ஆறும் ஏறும்.

லாஸ் வேகஸ் ஆடைக் கண்காட்சிகள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வருகின்றன. இரண்டும் இந்தப் பாதைக்கு மோசமான மாதங்கள். கண்காட்சியோடு சேர்த்துத் திட்டம் போடுகிறவர்கள் தார்ச்சாலையிலிருந்து தெரிகிற பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தயாராக இருங்கள்.

எந்த மாதமானாலும் ஒரு நாளை உபரியாக வையுங்கள். மழை பெய்தால் அடுத்த நாள் ஓட்டலாம் என்ற வசதி இல்லாவிட்டால், ஓட்டக்கூடாத நாளில் ஓட்டத் தோன்றும்.

2. உரிமம், ஐ.டி.பி., இனிஷியல்

தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டு உரிமத்தில் விவரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. சுற்றுலா வந்தவர் அதைக் கொண்டே யூட்டாவில் ஓட்டலாம். பிறகு எதற்குப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐ.டி.பி.? வாடகைக்காரர் கேட்பார், காப்பீட்டுக்காரர் கேட்பார், சாலையில் நிறுத்தும் காவலர் கேட்கலாம். ஆயிரம் ரூபாய்க் காகிதத்துக்காகக் கவுன்டரில் நின்று வாதாடுவது வீண்வேலை.

எடுக்கும் முறை எளிது. போக்குவரத்துத் துறையின் சாரதி இணையதளத்தில் உங்கள் உரிம எண்ணைப் போட்டு, ஐ.டி.பி.க்கான படிவம் 4ஏ-யை நிரப்புங்கள். கட்டணம் 1,000 ரூபாய். சேவைக் கட்டணம் சிறிது சேரும். உரிமம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் தயாராக இருக்கட்டும். விசாவும் மருத்துவச் சான்றான படிவம் 1ஏ-யும் 2021 முதல் விதிப்படி கட்டாயமில்லை; ஆனாலும் அவற்றையும் விமானச் சீட்டின் நகலையும் கோப்பில் போட்டு வையுங்கள். கேட்கும் அலுவலகம் கேட்கும். விண்ணப்பம் உங்கள் முகவரிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும். டி.என். 37-இல் எடுத்த உரிமத்தோடு இப்போது பெருந்துறையில் குடியிருந்தால், முதலில் முகவரி மாற்றத்தை முடியுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் முடிக்கப் பார்ப்பது அலைச்சல்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு விண்ணப்பிப்பது சரியான அளவு. ஐ.டி.பி. அதிகபட்சம் ஓராண்டுதான் செல்லும், அதுவும் வழங்கிய நாளிலிருந்து. உரிமம் அதற்குள் முடிந்தால் ஐ.டி.பி.யும் அதோடு முடியும். ஐ.டி.பி. தனியாகச் செல்லாது, மூல உரிமமும் கையில் இருக்க வேண்டும். செல்போனில் இருக்கும் டிஜிலாக்கர் நகலை அங்கே யாரும் ஏற்கமாட்டார்கள்.

இணையத்தில் 'சர்வதேச லைசென்ஸ், ஒரே நாளில், பத்தாண்டு செல்லும்' என்று டாலரில் விற்கும் தளங்கள் உண்டு. அவை தரும் அட்டை வெறும் பிளாஸ்டிக். நம் ஊரில் ஐ.டி.பி. தருவது போக்குவரத்து அலுவலகம்.

இனி இனிஷியல். நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். உரிமத்தில் 'ஆர். குமார்', பாஸ்போர்ட்டில் பெயர் 'குமார்', குடும்பப் பெயர் 'ராமசாமி', கிரெடிட் கார்டில் 'குமார் ஆர்'. நமக்கு மூன்றும் ஒருவர்தான். கவுன்டரில் இருப்பவருக்கு மூன்று பேர். வாடகை முன்பதிவு, கிரெடிட் கார்டு, உரிமம் மூன்றிலும் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். உரிமத்தில் பெயரை விரித்து எழுத விண்ணப்பிக்கலாம். அதற்கு நேரமில்லை என்றால், ஐ.டி.பி. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உரிமத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நடுவே பாலமாக நிற்கப் போவது அந்தச் சிறு புத்தகம்தான்.

3. கையில் இருக்க வேண்டிய மற்ற காகிதங்கள்

பாஸ்போர்ட், விசா. அமெரிக்காவில் இறங்கியபின் எல்லைக் காவல் துறையின் தளத்திலிருந்து ஐ-94 என்ற உங்கள் நுழைவுப் பதிவை இறக்கி ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் இந்தப் பாதையில் இறங்காதீர்கள். பாலிசியில் 'சாகச நடவடிக்கை' என்ற விலக்கு இருக்கிறதா, மண்பாதையில் வண்டி ஓட்டுவது அதில் அடங்குகிறதா என்று வாங்கும்போதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் ஓட்டிவிட்டுத் திரும்பப் பூங்கா அனுமதிச் சீட்டு தேவையில்லை. பக்கத்திலுள்ள கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவின் ஒயிட் ரிம் சாலைக்குத்தான் முன்பதிவு அனுமதி கட்டாயம். இரண்டையும் குழப்பிக்கொண்டு தேவையில்லாத அனுமதிக்குப் பணம் கட்டாதீர்கள். கேப்பிடல் ரீஃபில் வண்டிக்கு 20 டாலர், ஏழு நாள் செல்லும் என்று ஒரு கட்டணம் உண்டு. அது தெற்கே போகும் தார்ச்சாலைக்கு. கதீட்ரல் சுற்றில் கட்டணச் சாவடி கிடையாது.

4. வண்டி

விமான நிலையத்தில் எடுக்கும் சாதாரண வாடகைக் காரை இந்தப் பாதையில் இறக்கக்கூடாது. எஸ்.யு.வி. என்று பெயர் இருந்தாலும் சரி, நான்கு சக்கரமும் இழுக்கும் என்று சொன்னாலும் சரி. பெரிய வாடகை நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் 'தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது' என்ற வரி பெரும்பாலும் இருக்கும். நாளுக்கு 30 டாலர் கூடக் கட்டி வாங்கிய முழுப் பாதுகாப்புத் திட்டமும் அந்த ஒரு வரியில் போய்விடும். கிரெடிட் கார்டு தரும் வாடகைக் காப்பீட்டிலும் இதே விலக்கு வழக்கம். வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கும். சக்கர வளைவில் ஒட்டிய சாம்பல் நிறக் களிமண்ணைப் பார்த்தாலே எங்கே போய் வந்தீர்கள் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

சரியான வழி இரண்டு கட்டம். சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்திலிருந்து டோரி என்ற சிற்றூர் வரை, சுமார் மூன்றரை மணி நேரம், சாதாரணக் காரில் போங்கள். லாஸ் வேகஸிலிருந்து என்றால் ஐந்து மணி நேரம். டோரியிலோ, கிழக்கே மோவாப் நகரிலோ மண்பாதைக்கென்றே ஜீப் வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு அவர்களிடம் எடுங்கள். டோரியில் எடுப்பது மேல். மோவாபிலிருந்து வந்தால் ஓட்டத் தொடங்கும் முன்பே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

ஜீப்பில் பார்க்க வேண்டியவை: லோ கியருள்ள நான்கு சக்கர இழுவை, தரையிலிருந்து அடிப்பாகம் வரை எட்டு அங்குலத்துக்குக் குறையாத உயரம், ஆல் டெரெய்ன் டயர், முழு அளவு ஸ்டெப்னி. குடம்போல் சின்னதாக ஒரு தற்காலிகச் சக்கரம் தந்தால் வேறு வண்டி கேளுங்கள்.

பக்கத்துக் கடைகளில் திறந்த கூண்டு போன்ற யூ.டி.வி. வண்டிகள் வாடகைக்கு நிற்கும். பார்க்க ஆசையாக இருக்கும். இந்தப் பூங்காவுக்குள் அவற்றுக்கு அனுமதி இல்லை.

முன்பதிவுக்கு முன் வாடகைக்காரரிடம் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை நான்கு. கதீட்ரல் பள்ளத்தாக்குச் சுற்று முழுவதும் ஓட்டலாமா? ஃப்ரீமான்ட் ஆற்றில் இறங்க ஒப்பந்தம் அனுமதிக்கிறதா? டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், தண்ணீர் புகுதல் இவற்றில் எது யார் செலவு? வண்டி மாட்டிக்கொண்டால் இழுத்து வருவது யார், என்ன கட்டணம்? தொலைபேசியில் 'ஓ, தாராளமாக' என்று சொல்வது கணக்கில் சேராது. எழுத்தில் வாங்குங்கள்.

ஓட்டப்போவது இரண்டு பேர் என்றால் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். 25 வயதுக்குக் குறைந்தவருக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, சிலர் தரவே மாட்டார்கள்.

5. பணம்

ஒருநாள் ஜீப் வாடகை 250 டாலருக்கு மேல் போகும் என்று கணக்கு வையுங்கள்; காப்பீடும் வரியும் தனி. டோரியில் அறை 120 முதல் 200 டாலர், அக்டோபர் வாரக்கடைசியில் இன்னும் ஏறும். சுற்றுக்கும் நெடுஞ்சாலைக்கும் சேர்த்துப் பெட்ரோல் எட்டு கேலன் போதும். ஒரு கேலன் 3.8 லிட்டர். இவையெல்லாம் தெரிந்த செலவு. தெரியாத செலவு இழுவை வண்டி. இவ்வளவு உள்ளே மாட்டினால் ஆயிரம் டாலரைத் தாண்டும்.

வண்டி எடுக்கும்போது பிணைத்தொகையைக் கிரெடிட் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டையும் ஃபாரெக்ஸ் கார்டையும் பல இடங்களில் வாங்கமாட்டார்கள். இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும். 2020 முதல் அதுதான் விதி. கோவையில் இருக்கும்போதே வங்கிச் செயலியில் திறந்து, வரம்பையும் உயர்த்தி வையுங்கள். அங்கே போனபின் ஓ.டி.பி. வரும் சிம் வேலை செய்யாமல் தவிப்பது தேவையில்லாத பாடு.

பங்கில் நம் கார்டைச் செருகினால் அமெரிக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்டு மறுத்துவிடும். உள்ளே போய்க் காசாளரிடம் பம்பு எண்ணைச் சொல்லி முன்பணம் கட்டுங்கள். மீதி திரும்பி வரும். பச்சைக் கைப்பிடி அங்கே பெரும்பாலும் டீசல். கைப்பிடி நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். யூட்டாவில் மலிவான பெட்ரோல் 85 ஆக்டேன். வண்டியின் மூடியில் 87 என்று போட்டிருந்தால் 88-ஐ அடியுங்கள்.

6. ஊரிலேயே பழகிவிட்டுப் போங்கள்

டயரில் காற்றை இறக்கி ஏற்றுவது, ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாற்றுவது, லோ கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இறக்கத்தில் விடுவது. இந்த மூன்றும் கைக்கு வந்திருக்க வேண்டும். சொந்தத் தோட்டத்து வண்டித்தடம் போதும். பழக்கம் இருந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். சத்தியமங்கலம், ஆனைமலைக் காட்டுத்தடங்களில் பழகலாம் என்று இறங்காதீர்கள். அவை புலிகள் காப்பகம்; வழக்கும் அபராதமும் வரும், விசா விண்ணப்பத்தில் அதைச் சொல்லவும் வேண்டிவரும்.

இடப்பக்க ஸ்டீயரிங் வேறு. வலப்பக்கம் ஓட்டிப் பழக, சால்ட் லேக் சிட்டியிலிருந்து டோரி வரையிலான நெடுஞ்சாலையே பள்ளிக்கூடம். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே அதை ஓட்டாதீர்கள். ஓர் இரவு தூங்கி எழுங்கள்.

7. வண்டியில் ஏற்ற வேண்டியவை

தண்ணீர், ஆளுக்கு நான்கு லிட்டர். அதற்கு மேல் ஐந்து லிட்டர் உபரி. காற்றழுத்த மீட்டர், பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரசர், பஞ்சர் கிட், மண்வெட்டி, இழுவைக் கயிறு. வாடகைக்காரர் தருவார் என்று எண்ணாமல், தருகிறாரா என்று கேளுங்கள். ஜாக்கியைக் கையில் எடுத்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரடிச் சதுரப் பலகை வேண்டும். மண்ணில் ஜாக்கி போட்டால் வண்டி எழாது, ஜாக்கிதான் இறங்கும்.

வழியிலுள்ள முகாம் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஊட்டிக்குச் சற்றுக் கீழே. மதியம் சட்டை நனைய வியர்த்தாலும் பொழுது சாய்ந்ததும் குளிரும். ஸ்வெட்டர் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டால் கவலை இல்லை. ஆனால் ஊரிலிருந்து உப்புக்கண்டமோ கறி ஊறுகாயோ பெட்டியில் வைத்துப் போகாதீர்கள். இறைச்சிப் பொருளை அங்கே விடமாட்டார்கள். பொடி, ஊறுகாய் எது கொண்டுபோனாலும் சுங்கப் படிவத்தில் 'உணவு இருக்கிறது' என்று சொல்லிவிடுங்கள்.

வரைபடத்தைச் செல்போனில் முன்கூட்டியே இறக்கிவைத்து, பூங்காவின் பார்வையாளர் மையத்தில் கிடைக்கும் காகித வரைபடத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஐபோன் 14-உம் அதற்குப் பின் வந்தவையும் அமெரிக்காவில் செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்பும். அதன் மாதிரிப் பயிற்சியைச் செல்போனிலேயே ஒருமுறை செய்து பாருங்கள்.

8. முந்தின நாள் மாலை

டோரியிலிருந்து கிழக்கே 11 மைலில் பூங்கா மையம். அங்கே போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: கதீட்ரல் பாதை ஈரமா, ஆற்றில் எவ்வளவு தண்ணீர்? 'ஈரம்' என்று சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான்.

வானிலையைப் பார்க்கும்போது டோரிக்கு மட்டும் பார்க்காதீர்கள். மேற்கே மலைமேல் மழை இருந்தாலும் கணக்குதான். வெள்ளியங்கிரிப் பக்கம் மழை பெய்தால் பேரூரில் வெயிலடிக்கும்போதே நொய்யலில் தண்ணீர் வருகிறதல்லவா, அதே சங்கதி. அங்கே 'வாஷ்' என்று பலகையில் எழுதியிருப்பதெல்லாம் நாம் பள்ளம் என்கிறோமே, அந்த வறண்ட ஓடைதான். பள்ளத்துக்குள் வண்டியை நிறுத்திச் சாப்பிட உட்காராதீர்கள்.

9. ஆறு

பூங்கா மையத்திலிருந்து கிழக்கே 11.7 மைலில் இடப்பக்கம் ஹார்ட்னெட் சாலை பிரிகிறது. சற்று உள்ளே போனதும் ஃப்ரீமான்ட் ஆறு. பாலம் கிடையாது, தரைப்பாலமும் கிடையாது. இன்னொரு வாயான கெய்ன்வில் வாஷ் சாலை, மையத்திலிருந்து 18.6 மைலில். எந்தப் பக்கத்திலிருந்தும் சுற்றலாம். ஆனால் ஆற்றுப் பக்கமே தொடங்குங்கள். ஐம்பது மைல் ஓட்டி, பொழுது சாயும் நேரத்தில் ஆற்றங்கரைக்கு வந்து, தண்ணீர் ஏறிக் கிடப்பதைப் பார்த்தால், வந்த ஐம்பது மைலையும் இருட்டில் திரும்ப ஓட்ட வேண்டும்.

காலை ஏழரைக்குள் ஆற்றில் இருக்கும்படி வெள்ளென கிளம்புங்கள். வண்டியை நிறுத்தி இறங்குங்கள். முதலில் அக்கரையில் பாதை எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். ஆற்றுக்குள் நிற்கும்போது தேடக்கூடாது. பிறகு செருப்போடு, கையில் தடியோடு, சக்கரம் போகப்போகிற தடத்திலேயே நடந்து பாருங்கள். வழக்கமாக ஓரடி, ஒன்றரை அடித் தண்ணீர்தான் இருக்கும். அடியில் கெட்டியான கல்தரை. முழங்காலைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். நுரையும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தால் கால்கூட வைக்க வேண்டாம், மேலே மழை பெய்திருக்கிறது. இரண்டரை அடி வரை ஓடும் வண்டி என்று ஜீப் விளம்பரம் சொல்வது நின்ற தண்ணீருக்கு. ஓடும் தண்ணீர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்.

கடக்கலாம் என்று தெரிந்தால்: கண்ணாடிகளை இறக்குங்கள். கரையிலேயே லோ கியரைப் போடுங்கள், அதற்கு வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைக்க வேண்டும். நடைவேகத்துக்குச் சற்று மேல், ஒரே சீராக விடுங்கள். நடுவில் கியர் மாற்றாதீர்கள், நிறுத்தாதீர்கள், வேகமாக அடித்துத் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள். காணொளிக்கு அழகாக இருக்கும் அந்தப் பீய்ச்சல்தான் காற்று வடிகட்டிக்குள் தண்ணீரை ஏற்றுகிறது. அக்கரை ஏறியதும் பிரேக்கை நாலைந்து முறை லேசாக மிதித்துக் காயவையுங்கள்.

ஆறு விடாவிட்டால் பயணம் போச்சு என்றில்லை. நெடுஞ்சாலைக்குத் திரும்பி, கெய்ன்வில் வாஷ் சாலை வழியே சுமார் 17 மைல் உள்ளே போனால் சூரியக் கோயில், சந்திரக் கோயில் பாறைகள். பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பலாம். இந்தப் பாதையின் சிறந்த காட்சியே அதுதான் என்பதால் பெரிய நஷ்டமில்லை.

10. சுற்றில் என்னென்ன, எங்கே மெதுவாக

ஆறு தாண்டியதும் டயரில் காற்றை 25 பாயிண்டுக்கு இறக்குங்கள். மண்பாதை தகர ஷீட்டை விரித்ததுபோல் வரிவரியாய் இருக்கும். முப்பத்தைந்து பாயிண்டோடு ஓட்டினால் பல் ஆடும், கூர்க்கல்லில் டயரும் கிழியும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களிடம் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

முதலில் வருவது பென்டோனைட் மேடுகள்: பச்சை, சாம்பல், ஊதா என்று பட்டை பட்டையாய், உருண்டையான களிமண் குன்றுகள். அவற்றின்மேல் ஏறாதீர்கள்; கால்தடம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அடுத்து பாதை மேட்டில் ஏறிக்கொண்டே போகும். பாலைக்குள் எட்டிப் பார்க்கும் விளிம்புகள் இரண்டு மூன்று வரும். எல்லாவற்றிலும் இறங்கினால் நேரம் போய்விடும். பாதி வழியில் வரும் மேல் கதீட்ரல் பள்ளத்தாக்கு விளிம்பு ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். கீழே தரையிலிருந்து எழும்பி வரிசையாக நிற்கும் என்ட்ராடா மணற்கல் கோபுரங்கள் தெரியும். மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

அருகில் முகாம் இருக்கிறது. ஆறு இடம், கட்டணமில்லை, முன்பதிவில்லை, தண்ணீரில்லை. கழிப்பறை உண்டு, அதற்காகவாவது நிறுத்துங்கள், சுற்றில் வேறு எங்கும் நம்ப முடியாது.

அங்கிருந்து கொண்டையூசி வளைவுகளில் பாதை பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. லோ கியரில் போட்டு எஞ்சினை இழுத்துப் பிடிக்கவிடுங்கள். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் கீழே போவதற்குள் வாசம் வரும். எதிரே வண்டி ஏறி வந்தால் ஏறுகிறவருக்கு வழி விடுங்கள்.

கீழே ஜிப்சம் உள்வாங்கிய பெருங்குழி ஒன்று உண்டு. விளிம்பு உதிரும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டிப் போனால் சூரிய, சந்திரக் கோயில்கள். பக்கத்தில் கண்ணாடி மேடு. மண்ணுக்குள்ளிருந்து செலினைட் படிகங்கள் துருத்தி நிற்கும், வெயிலில் உடைந்த புட்டிக்குவியல்போல் மின்னும். ஒரு துண்டைக்கூட எடுக்கக்கூடாது, சட்டம். டிரோனும் பறக்கவிடக்கூடாது.

தடத்தைவிட்டு வண்டியை இறக்காதீர்கள். கறுப்பாய், பொருக்காய்க் கிடக்கும் மண் உயிருள்ள மேலோடு. மிதித்தால் தேற ஆண்டுகள் ஆகும்.

மூன்று, மூன்றரைக்குள் கோயில் பாறைகளுக்கு வந்துவிட்டால் நேரம் சரி. அங்கிருந்து நெடுஞ்சாலைக்கு ஒரு மணி நேரம். தாரைத் தொட்டதும் கம்ப்ரசரை எடுத்துக் காற்றை மறுபடி ஏற்றுங்கள். 25 பாயிண்டோடு நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் போனால் டயர் சூடேறி வெடிக்கலாம்.

11. நடுவில் மழை பிடித்தால்

எர்த் குழி தோண்டும்போது கொட்டுகிறோமே, அந்த பென்டோனைட்தான் இங்கே பாதையே. தண்ணீரை உறிஞ்சி உப்பும், சோப்பைப்போல் வழுக்கும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசலில் மழைநாளில் ஓட்டியவர்களுக்குப் பாதி புரியும். கரிசல் ஒட்டும், இது ஒட்டி, வழுக்கவும் செய்யும். டயரின் பள்ளங்களில் அப்பியதும் நான்கு சக்கர இழுவையால் ஒரு பயனும் இல்லை. சரிந்த இடத்தில் வண்டி தானாகப் பக்கவாட்டில் நகரும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: பள்ளத்திலிருந்து விலகிய, மேடான, சமமான இடத்தில் நிறுத்திக் காத்திருப்பது. வெயில் வந்தால் சில மணி நேரத்தில் மேற்பரப்பு காயும். சில நேரம் மறுநாள் வரை ஆகும். தண்ணீரும் ஸ்வெட்டரும் உபரியாகச் சொன்னது இதற்காகத்தான். வரைபடத்தில் மேற்கே தவுசண்ட் லேக் மலைவழியும் வடக்கே ஐ-70 நெடுஞ்சாலைப் பக்கம் போகும் பேக்கர் ராஞ்ச் சாலையும் தெரியும். மலைவழி குளிர்காலத்தில் பனியில் மூடிக்கிடக்கும். ஈரத்தில் தெரியாத பாதையில் வெளியேறப் பார்ப்பதைவிட, நின்ற இடத்தில் இருப்பது மேல்.

வண்டி நின்றுபோனால் வண்டியைவிட்டு நடந்து போகாதீர்கள். தேடுகிறவர்களுக்கு மனிதனைவிட ஜீப் சீக்கிரம் தெரியும். இன்ன பாதை, இத்தனை மணிக்குள் வெளியே வருவோம், வராவிட்டால் அவசர எண் 911-ஐ அழை என்று டோரியில் விடுதிக்காரரிடமோ அமெரிக்காவிலுள்ள உறவினரிடமோ காலையிலேயே சொல்லிவிட்டுப் போங்கள். கோவையிலிருக்கும் தம்பியிடம் சொல்வதில் பயனில்லை, நீங்கள் மாட்டிக்கொள்ளும் நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

12. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது

சக்கர வளைவு, அடிப்பாகம் இரண்டையும் கழுவிவிட்டுக் கொடுங்கள். காய்ந்த களிமண்ணுக்குத் தனிக் கட்டணம் போடுவார்கள். எடுக்கும்போது நான்கு பக்கமும் கண்ணாடியும் டயர் ஓரங்களும் தெரியக் காணொளி எடுத்திருப்பீர்கள் அல்லவா? கொடுக்கும்போதும் அதே வரிசையில் எடுங்கள். வாடகைக்காரர் முன்னிலையில் பார்த்து, 'சேதமில்லை' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். மூடியபின் சாவிப்பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், மறுநாள் கண்ணாடியில் ஒரு கீறல் முளைத்தால் பதில் சொல்ல முடியாது.

நிறுத்திவைத்த பிணைத்தொகை நம் வங்கிக் கணக்கில் விடுபட ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அதுவரை கார்டின் வரம்பு குறைந்தே இருக்கும். திரும்பும் வழியில் விடுதிக்கும் பெட்ரோலுக்கும் இன்னொரு கார்டை ஒதுக்கி வையுங்கள்.